மாப்ளே, மொதல்ல மாடிக்குப் போங்க

என்ன மாப்ளே, இந்தப் பொங்கலுக்கும் கூடத்து முகட்டுக்குப் பெயிண்டு அடிச்சாச்சாமே? போன பொங்கலுக்கு அடிச்சது ஐப்பசி அடைமழையில உப்புப் பூத்து, சோத்துத் தட்டுல உரிஞ்சு விழுந்துச்சு. இது அதைவிட ஒசத்தி. விழும்போதும் ஒசத்தியா விழும்ல!

நீங்க படிச்சவுக. ஆனாலும் கேக்குறேன்: ஒழுகுறது மேல இருந்துதானே? அப்புறம் ஏன் கீழயே நின்னு அண்ணாந்து பாக்குறீக? மொட்டை மாடிக்கு ஏறுங்க. தண்ணி போற குழாய் வாயில வேப்பஞ்சருகும் பிள்ளைக தொலைச்ச பந்தும் அடைச்சுக் கெடக்கும். அதை எடுத்துப் போட்டாலே பாதி ஒழுகல் கொறஞ்சிரும். காசு செலவில்ல, அதான் உங்களுக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது.

கைப்பிடிச் சுவரோரம் தட்டோட்டுச் சந்துல அரசங்கன்னு மொளைச்சிருக்கும். அக்கா அதைச் சாமின்னு சுத்தி வருமுன்ன வேரோட பிடுங்குங்க. மேலாக்க வெட்டினா வேரு உள்ள தடிக்கும்.

சொட்டுற எடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு கொத்தனார் கடப்பாரையத் தூக்கினா தடுங்க. தண்ணி ஒரு பக்கம் எறங்கி, உள்ளயே ஓடி, வேற பக்கம் சொட்டும். மழையே இல்லாம சொட்டுனா வானத்தத் திட்டாதீக. தண்ணித் தொட்டியையும் குழாயையும் பாருங்க.

அந்தக் காலத்துல மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியத் தெளிச்சு, பொம்பளைக வரிசையா உக்காந்து நாள் கணக்காக் கட்டையால அடிச்சு இறுக்குவாக. வாட்டம் பாத்துத் தட்டோடு பதிப்பாக. இப்ப டப்பாவுல வர்ற ஒழுகல் தடுக்குற பூச்சும் நல்ல சரக்குதான், கொறை சொல்லல. ஆனா நீங்க பாசியச் சுரண்டாம, ஈரம் காயாம பூசினீக பாருங்க, அது பாசிக்குப் போத்தின போர்வை.

கேலி கெடக்கட்டும். கூடத்து முகட்டுக் காரையக் கம்பால தட்டிப் பாருங்க. பொத்பொத்துன்னு கேட்டா உள்ள கம்பி துருவேறிப் பெருத்து காரையத் தள்ளிக்கிட்டு இருக்கலாம். அதுக்குக் கீழ தொட்டில் கட்டாதீக. விவரம் தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஃபேன் கொக்கி வழியாச் சொட்டுனா மொதல்ல மெயின் சுவிட்ச அணைங்க, வாளியப் பெறகு தேடலாம். ஜிப்சம் பலகை போட்டு மறைச்சிரலாம்னு சொன்னீகளாமே? பலகை ஊறி மொத்தமா எறங்கும்.

ஐப்பசிக்கு இன்னும் மாசம் கெடக்கு. எங்க வீட்டு ஏணி சும்மாதான் சாத்தியிருக்கு. பெயிண்டரை அனுப்பாம நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க.