முதலில் இறைத்துவிட்டு இழுங்கள்

கேள்வி: போர்ட் கிள்ளானில் சிறு பாய்மரப் படகு நீர் நிரம்பித் தத்தளித்தால், வேகப் படகில் கட்டி ஒரே இழுப்பில் கரை சேர்த்துவிடலாமே?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: சேர்க்கலாம், ஆனால் கயிற்றின் நுனியில் படகு மிஞ்சாது, அதன் உதிரிப் பாகங்கள்தான் மிஞ்சும். சிறுவர்கள் ஓட்டிப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகின் உடல் 35 கிலோதான். அதில் 200 லிட்டர் நீர் நின்றால் சுமை ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். உள்ளே அலையும் நீரோ படகை மறுபடி கவிழ்க்கும். எனவே எஞ்சினை நிறுத்தி, முதலில் ஆட்களை ஏற்றுங்கள், பாயைச் சுருட்டுங்கள், நீரை இறையுங்கள், பிறகு பாய்மரத்தின் அடியில் கயிறு கட்டி, நடைவேகத்தில் இழுங்கள்.

'பௌர்ணமி, அமாவாசையில் அங்கே கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்குமே, நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாதா?' என்பீர்கள். போகும், ஆனால் இரு படகுகளையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே, இறைக்கும் நேரம் வீணல்ல. கப்பல் வழியில் சிக்கியிருந்தால் மட்டும், ஆட்களை ஏற்றியதும் மெல்ல ஓரத்துக்கு இழுத்துவிட்டு இறையுங்கள். கடல் கொந்தளித்தால் படகை விட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள். படகை மறுபடி வாங்கலாம். உயிரை விற்கும் கடை கிள்ளானிலும் இல்லை.