கதவோரத்து அண்ணன்

புக்கிட் ரோத்தான் பக்கம் ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று வையுங்கள். அழைப்பிதழில் ஏழரை மணி. எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் மண்டபம் வெறிச்சோடிக் கிடப்பதுபோலத் தெரியும். திரும்பிப் போய்விடாதீர்கள், ஆள் இருக்கிறார்கள். முதல் வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தண்ணீர் போத்தல். அதன் பின்னால் ஆறு வரிசைச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, ஈ காக்கை இல்லை. அதற்கும் பின்னால், சுவரோடு சுவராக, தோள் இடிபட ஊரே உட்கார்ந்திருக்கும். அதில் கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் நம் அண்ணன்.

அண்ணன் இடம் தேட மாட்டார். காலி வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை ஒற்றைக் கையால் உருவிக்கொண்டு பின்னால் நடப்பார். ஏற்பாட்டாளர்கள் அடுக்கிய கடைசி வரிசை அவர் கணக்கில் முன்வரிசை. அதற்கும் ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு, பின்னங்கால் இரண்டில் நிறுத்தி, சாய்வைச் சுவரில் முட்டக் கொடுப்பார். மோட்டார் சாவி ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். செருப்பு மட்டும் வாசலைப் பார்த்தபடி இருக்கும். கிளம்பும்போது திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

"அண்ணே, முன்னால நெறைய எடம் இருக்குண்ணே."

"பரவால்லப்பா. மோட்டாரப் பாத்துக்கணும்."

மோட்டார் பதினைந்து வருஷத்துப் பழசு. திருடன் தள்ளிக்கொண்டு போனாலும் ஜெராம் தாண்டுவதற்குள் அலுத்துப்போய்த் திருப்பி விட்டுவிடுவான். அது அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் மோட்டார் ஒரு நாள், காத்தாடிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஒரு நாள், முழங்கால் வலி ஒரு நாள் என்று முறை வைத்துக் காரணம் சொல்லுவார்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒருமுறை உரையாற்றப் போன இடத்தில் முதல் பன்னிரண்டு வரிசையும் காலி. கூட்டமே வரவில்லை என்று நினைத்தவர், மேடை ஏறிய பிறகுதான் பதின்மூன்றாம் வரிசையிலிருந்து பின்சுவர் வரை ஏறக்குறைய 800 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாராம். 1978இல் வந்த அவருடைய புத்தகம் இந்தச் சங்கதியில்தான் தொடங்குகிறது. அத்தனை பேரும் அப்படியே பன்னிரண்டு வரிசை முன்னால் நகர்ந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டார். 2005இல் நோபல் பரிசு வாங்கியவர்தான், ஆனால் தோட்டத்துப் பெரட்டில் நின்றவர் இல்லை. நின்றிருந்தால் ஒரே காலையில் விளங்கியிருக்கும்.

விடியுமுன் பெரட்டுக் களம். கிராணி விளக்கடியில் செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பக்கத்தில் தண்டல், கண்ணால் ஆள் எண்ணிக்கொண்டிருப்பார். யாராவது வரவில்லை, எங்காவது கான் அடைத்துக்கொண்டது, ஸ்டோரில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றால் தண்டலின் கை முதலில் எட்டுவது யார் தோளை? பின்னால் நின்றவன் தன் உளியை எடுத்துக்கொண்டு தன் நிரைக்குப் போய்விடுவான். முன்னால் நின்றவன் முழங்கால் சேற்றில். அப்பா இதை வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை, மகனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். பெரட்டுக் களம் புல் மண்டி எத்தனையோ காலமாகிவிட்டது. முதுகு மறக்கவில்லை.

முன்வரிசையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அண்ணனும் ஒரு காலத்தில் முன்னால் உட்கார்ந்தவர்தான். கல்யாணமான புதிது, பட்டு வேட்டி, பக்கத்தில் அண்ணி. மூன்றாவது வரிசைதான். விழா தொடங்கும் நேரத்தில் ஒரு தொண்டர் ஓடி வந்து காதில் சொன்னார்: "அண்ணே, கொஞ்சம் பின்னால போறீங்களா? டத்தோவோட ஆளுங்க வர்றாங்க." எழுந்தார்கள். ஐந்தாவது வரிசை. பத்து நிமிடத்தில் அங்கும் ஒரு தொண்டர். ஊர் பார்க்க அண்ணி கைப்பையோடு மூன்று தடவை இடம் மாறினார். அன்றைக்கு அண்ணன் கண்டுபிடித்தார்: கடைசி நாற்காலியிலிருந்து யாரும் யாரையும் பின்னால் போகச் சொல்ல முடியாது. தோட்டம் கைமாறும்போதெல்லாம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டு வளர்ந்த மனிதருக்கு இது சின்ன விஷயமில்லை.

பின்னால் இருப்பவர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறவர்கள் மேடையில் இருப்பவர்கள் மட்டும்தான். அண்ணன் ஒரு சொல் விடமாட்டார். சிறப்புரை எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் வட்டார வரலாற்றுக்கு வந்து சேரும்: நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பக்கத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில்தான், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை 1917இல் தொடங்கியது, அதே துரை மலேயாவை வைத்து நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கினார், தோட்டத்தின் பெயர் தென்னமரம். இந்த இடத்தில் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வரும்: "செம்பனய நட்டுட்டுத் தென்னமரம்னு பேர் வெச்ச ஊருப்பா இது. செயலாளர்னு பேர் வெச்சா மட்டும் வேலை நடந்துருமா?" கடைசி இரண்டு வரிசை குலுங்கும். மேடையில் இருப்பவர் தம் பேச்சுக்குத்தான் கிளர்ச்சி என்று இன்னும் கால்மணி நேரம் நீட்டுவார். பத்தாங் பெர்ஜுந்தை 2007இலேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. அண்ணனும் சொல்வதில்லை, அவரே இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.

அதே 2007, ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல். அண்ணன் வரிசைக்கு யோகம் அடித்தது அப்போதுதான். மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையைத் தாண்டி, கடைசி நாற்காலி வரை வந்து கைகொடுத்தார்கள், இரண்டு பக்கத்துக்காரர்களும். அண்ணன் நாற்காலியின் நான்கு காலும் தரையில் நின்றதை நான் பார்த்தது அந்த மாதம்தான்.

கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் பளிச்சிடும். படகுக்குக் காசு கொடுத்து வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள். அதே காட்சியை எங்கள் மண்டபத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நன்றியுரைக்கு முன்னால் பின்வரிசைக் கைப்பேசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒளிரும். வாட்சாப்பில் செய்தி ஒன்றுதான்: 'சாப்பாடு தெறந்தாச்சு.' நன்றியுரைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்போது அண்ணன் மீஹூன் தட்டோடு வெளியே நிற்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்காலி அடுக்குவதும் அண்டா கழுவுவதும் கடைசியில் அவர் கூட்டம்தான். துக்க வீட்டில் கூடாரத்தின் கடைசியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பவர், பாடை எழும்போது முதல் ஆளாகத் தோள் கொடுப்பார்.

போன ஆண்டு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒரு தந்திரம் செய்தார். நாற்காலியெல்லாம் வழக்கம்போல மேடையைப் பார்த்து. பின்வரிசை நிரம்பி வழிந்ததும், மைக்கைத் தூக்கிக்கொண்டு பின் கதவு வழியாக உள்ளே வந்து, "எல்லாரும் அப்படியே திரும்பி உக்காருங்க" என்றார். அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் வரிசை. கதவை அடைத்துக்கொண்டு தலைவரே நின்றார். நிர்வாகத் தேர்வு வந்தது. "துணைத் தலைவருக்கு அண்ணன் பேரை முன்மொழிகிறேன்" என்று குரல் கேட்டது, பின்னாலிருந்து. அண்ணன் வாய் திறப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் நிர்வாகத்தினர் மேடையில் உட்கார வேண்டும். போய்ப் பார்த்தேன். தலைவர், தலைமையாசிரியர், செயலாளர், எல்லாரும் ஒரே வரிசையில். அண்ணனைக் காணோம். தலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேடையிலும் அவர் இரண்டாவது வரிசை ஒன்று உண்டாக்கியிருந்தார். ஒரே நாற்காலி, பேனருக்குப் பாதி மறைவில், சாய்வு சுவரில் முட்டியபடி. பக்கத்தில் மேடையின் பின் படிக்கட்டு. அதன் முதல் படியில் செருப்பு, வெளியே பார்த்தபடி.