காரைச் சுடும் பூஞ்சை

கேள்வி: அமெரிக்காவில் வாசலில் நிறுத்திய வெள்ளைக் காரில் கறுப்புப் புள்ளிகள். கழுவினாலும் போகவில்லையே, தாரா?

பதில்: தார் இல்லை, துப்பாக்கிச்சூடு! சுடுவது ஸ்பேரோபோலஸ் என்ற பூஞ்சை. செடிகளுக்கடியில் பரப்பிய ஈர மரச்சிராயில் வளர்ந்து, வெளிச்சத்தைக் குறிபார்த்துக் கடுகளவு வித்து உருண்டையை வீசும். 6 மீட்டர்கூடப் பாயும். பளபளக்கும் வெள்ளைக் காரும் அதற்குச் சூரியன்தான்.

காயுமுன் சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்துவிட்டால் ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்ல எடுத்து, பாலிஷ் போடவேண்டும். அப்போதும் தடம் மிஞ்சலாம். பிளேடு எடுத்தால் புள்ளியோடு பெயின்டும் போகும்.

தடுக்க, சிராயை அள்ளிவிட்டுக் கூழாங்கல் பரப்பலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்வது வேறு: காளான் பண்ணையில் கழித்த உரத்தைச் சிராயில் 40 சதவீதம் கலக்கவேண்டும். பூஞ்சையை அடக்கப் பங்காளி வீட்டுக் குப்பை!