யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டே?

பிளம்பர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எங்கள் தெருப் பெரியவர் வந்துவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆள் குழாயைத் திருகுவதை இரண்டு நிமிடம் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்வி: "தம்பி, நீ யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டே?"

இதற்குத் தப்பிக்கிற மாதிரி ஒரு பதில் கிடையாது. மேஸ்திரி பேரைச் சொன்னால், "அவனா? நான் பம்புசெட் கடையில இருந்தப்போ எனக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்த பய." நானாகவே கத்துக்கிட்டேன் என்றால், "அதான் தெரியுதே." ஐ.டி.ஐ. படித்தேன் என்று சொல்லிவிட்டாலோ வாய் திறக்க மாட்டார். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த மானஸ்தனும் டேப்பை ஒழுங்காகச் சுற்ற மாட்டான்.

பெரியவர் பார்க்காத வேலை இல்லை. அச்சாபீஸ், டவுன் தியேட்டர், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, பனியன் கம்பெனி, சீட்டு வசூல், மருந்து கம்பெனி, எஸ்.டி.டி. பூத். எல்லா இடத்திலும் முதலாளிக்கு வலது கை. எல்லா இடத்திலும் கடைசியில் 'ஒத்து வரலை'. இவர் விலகியபோது கண் கலங்காத முதலாளி இல்லை. கலங்கிய ஒருவராவது பி.எஃப். பிடித்துக் கட்டியிருக்கலாம்.

தங்கை பெண் கல்யாணத்தில் சமையல் காண்ட்ராக்டரிடம் இதையே கேட்டார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். அன்றைக்கு இரண்டாம் பந்திக்கு ரசம் வரவில்லை. போன வருஷம் காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டரம்மாவையும் விட்டுவைக்கவில்லை. மருந்து கம்பெனியில் ரெப்பாக இருந்தவர் அல்லவா! "ஏம்மா, இந்த ஊசி போடறது யாருகிட்ட கத்துக்கிட்டே?" அந்தப் பெண் சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "யூடியூப்ல தாத்தா" என்றது. அவர் வாயடைத்து நின்றதை என் ஆயுளில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த டாக்டரம்மாவுக்கு என் தெருச் சார்பில் ஒரு சால்வை போர்த்த வேண்டும்.

மற்றதெல்லாம் எப்படியோ, அச்சாபீஸ் சங்கதி மட்டும் நிஜம். சத்தியம் வேண்டுமானாலும் செய்வேன். ஒரு ஆபீசில் இருவரும் பெஞ்சில் காத்திருந்தோம். மேஜையில் ரப்பர் ஸ்டாம்புகள் மல்லாந்து கிடந்தன. இடம் வலமாக மாறிக் கிடந்த அந்த எழுத்தையெல்லாம் பேப்பர் படிக்கிற மாதிரி கடகடவென்று படித்துவிட்டு, "இதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.

கம்போசிங் பற்றிப் பேசும்போது அவர் குரலே வேறு. கேஸில் 'க' எந்த அறை, ஒற்றைக்கொம்பு எந்த அறை என்று காற்றில் விரல் போய் வரும். இடது கையில் இல்லாத ஸ்டிக்கில் இல்லாத எழுத்து வந்து உட்காரும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும், துதிக்கை வைத்த பழைய லை, ணை எல்லாவற்றையும் அறை அறையாகப் பொறுக்கி உருக்கப் போட்டது இவர்தானாம். "அத்தனையும் நல்ல எழுத்துப்பா. முனைகூட மழுங்கலை" என்பார். அப்புறம் ஆஃப்செட் வந்தது. ஸ்டிக்குக்கு வேலை இல்லாமல் போனது. இந்தக் கதையில் மட்டும் அவர் முதலாளியைத் திட்டுவதில்லை.

அதற்காக என் பிளம்பரை விரட்டலாமா? வேலை செய்கிறவன் தலைமாட்டில் நின்று குறுக்கு விசாரணை செய்வது அனுபவம் இல்லை, அடாவடி. இவர் எழுத்துக் கோக்கும்போது எவனாவது முதுகுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டிருந்தால், கேஸோடு தூக்கி அவன் தலையில் கொட்டியிருப்பார். இந்தப் பையன் தங்கமான பையன். போன் செய்தால் மூன்றாம் நாளே வந்து நிற்கிறவன். சென்ற மாதம் 300 ரூபாய் வேலைக்கு 500 கேட்டான். "ஏம்ப்பா?" என்றேன். "பெரியவர் இருக்காருல்ல சார்." கொடுத்தேன். இப்போது 500 தருகிறேன் என்றாலும் வர மாட்டேன் என்கிறான். சமையலறைக் குழாய்க்கு அடியில் வைத்த வாளியை நான்தான் தினமும் இரண்டு வேளை கொட்டுகிறேன்.

நாளைக்கு ஏ.சி. மெக்கானிக் வருகிறான். ஏ.சி. கம்பெனியில் இருந்ததாகப் பெரியவர் இதுவரை சொன்னதில்லை என்று கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தேன். சாயங்காலம் டீக்கடையில், கண்ணாடி டம்ளரை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்: "ஐஸ் ஃபாக்டரியில இருந்தப்போ அமோனியா லைன் பூரா நம்ம பொறுப்புதான்..."