அருவிக்கு மேலே குடித்தனம்

கேள்வி: நியூசிலாந்தில் டிரவுட் மீனை ஓடையை விட்டே அப்புறப்படுத்துகிறார்களாமே, பாவமில்லையா?

பதில்: 1860களில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் ஆசையில் கொண்டுவந்து விட்ட விருந்தாளி அது. விருந்தாளி வீட்டுக்காரரையே சாப்பிட்டால்? வீட்டுக்காரர்களான, செதில் இல்லாத கலாக்சியஸ் என்ற குட்டி மீன்கள் பல இடங்களில், டிரவுட் ஏற முடியாத அருவிக்கு மேலேதான் பிழைத்திருக்கின்றன. அருவி இல்லாத சில ஓடைகளில் சிறு தடுப்பணை கட்டி, அதற்கு மேலே இருக்கும் டிரவுட்டை மின்சாரம் பாய்ச்சி மயக்கி அள்ளுகிறார்கள். எல்லா ஆற்றிலும் அல்ல. தூண்டில்காரர்களுக்கும் ஓட்டு இருக்கிறதே! தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: உபொகொரோரோ என்ற நாட்டு மீனுக்கு 1951இல் முழுச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அது கண்ணில் படாமல் போய் அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்றுவரை அந்தச் சட்டத்தை மீற ஒருவராலும் முடியவில்லை.