மியாட்டாவுக்கு நூல் பிடிப்பது எப்படி

முதலில் பாகத்தை வாங்குங்கள். அது எந்தக் குறையைத் தீர்க்கும் என்பதை வாங்கிய பிறகு யோசித்துக்கொள்ளலாம். கார் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த டயர் எந்த ஓரத்தில் தேய்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய டயர்கள் நெடுநாள் உழைக்கும். நண்பர்கள் கூடும்போது பேசுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது.

கார், மாஸ்டா மியாட்டாவின் முதல் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது. ஒரு டன்னுக்குக் குறைவான எடை, இரண்டே இருக்கை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். குதிரையும் அதில் ஏறியவனும் ஓர் உடலாக ஓடுவதுதான் அதைச் செய்தவர்கள் மனதில் வைத்த இலக்கணம். அதற்கேற்ப ஒரு தாராளமும் காட்டியிருக்கிறார்கள். முன்பக்கக் கீழ் விஷ்போன் ஒவ்வொன்றின் உள்முனையிலும் இரண்டு கேம் போல்ட்டுகள். அவற்றைத் திருகினால் சக்கரம் உள்ளே வெளியே சாய்கிற கேம்பரும், ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்கிற காஸ்டரும் மாறும். சக்கரங்களின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்கிற டோவை டை ராடில் வைக்கலாம். ஆக, இந்த மூன்றையும் சரியாக வைக்கிற அலைன்மெண்டுக்கு வெளிப்பாகம் எதுவுமே வேண்டாம். இந்தத் தகவலைப் படித்த உடனே மறந்துவிடுவது நல்லது. மேலே சொல்லப்போவதற்கு இடைஞ்சல்.

நீங்கள் வாங்கிய பாகம், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடியான காயில்ஓவர், வந்து சேர்ந்ததும் காரை இறக்குங்கள். எவ்வளவு? டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல் நுழையாத அளவு. இந்தக் காரின் சஸ்பென்ஷன் மேலே ஏறுவதற்குக் கம்பெனி விட்ட இடமே கொஞ்சம். அளவுக்கு மீறி இறக்கினால் ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல்தான் சவாரி. சின்னப் பள்ளத்தில் முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லும். யாராவது கேட்டால், “ரேஸ் செட்டப் மச்சான், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லுங்கள். இறக்கிய உடனே கேம்பரும் டோவும் தாமாகவே இடம் மாறியிருக்கும். இப்போது உங்களுக்கு உண்மையிலேயே அலைன்மெண்ட் தேவைப்படுகிறது. வாழ்த்துகள்.

அடுத்து கேம் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். உங்கள் கார் கலிஃபோர்னியாவில் வளர்ந்ததென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். டொரொன்டோ மாதிரி, பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிற ஊர்க் கார் என்றால் உட்கார்ந்து படியுங்கள். போல்ட்டும் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலும் துருவேறி ஒன்றாகிவிட்டிருக்கும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் தலை திரும்பும். ஆனால் போல்ட் தளரவில்லை, அதோடு சேர்ந்து ரப்பர் முறுகுகிறது, அவ்வளவுதான். கையை விட்டதும் சுருண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சூடு காட்டுங்கள். பிறகு ரம்பத்தை எடுத்துப் போல்ட்டை அறுங்கள். கடைசியில் அதுதான் நடக்கப்போகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் கிண்டல் கிடையாது.

அளப்பதுதான் இந்தக் கலையின் இதயம், அவசரப்படக் கூடாது. டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். காசில்லாமல் ஆகிற வேலை என்பதால் அதை யாரும் செய்வதில்லை. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான பாரம் வேண்டும். மணல் மூட்டை தேட வேண்டாம், சமையலறையில் அரிசி மூட்டைகள் இருக்கும். எதற்கு என்று அம்மா கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பொய்யைவிட அதுதான் நம்ப முடியாததாக இருக்கும்.

கேம்பருக்குக் கைபேசியைச் சக்கரத்தில் ஒட்டவைத்து அளக்கலாம், கொத்தனாரின் ரசமட்டமும் போதும். 14 அங்குல ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி. தசம எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் தரையைப் பாருங்கள். முன்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.4 மீட்டர். அந்த அகலத்தில் கராஜ் தரை 12 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் அரை டிகிரி கூடும், மறுபக்கம் அரை டிகிரி குறையும். தண்ணீர் வடியட்டும் என்று கராஜ் தரையைச் சாய்த்துத்தான் போடுவார்கள். நீங்கள் மூன்று மணி நேரம் மல்லாடி இரண்டு பக்கமும் சமம் செய்தது கேம்பரை அல்ல, அந்த வடிகாலை.

டோவுக்கு நூல். காரின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, நான்கு சக்கர மையங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அழகான முறை, தப்பான முறை. மியாட்டாவின் பின்சக்கர இடைவெளி முன்னதைவிட ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம். அதனால் முன்மையத்திலிருந்து நூல் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். நீங்கள் போட்ட புது ரிம், ஸ்பேசர் எல்லாம் அந்தக் கணக்கையும் மாற்றியிருக்கும் என்பது தனிச் சந்தோஷம். இன்னொன்று: கார் எந்தத் திசையில் போக விரும்புகிறது என்பதைத் தீர்மானிப்பது பின்சக்கரம். அதை முதலில் வைத்துவிட்டுத்தான் முன்னால் வர வேண்டும். முன்பக்கப் பாகங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் பின்னால் குனிவதைக் கௌரவக் குறைவாக நினைப்பதால், ஸ்டியரிங் கோணலாகவும் கார் நேராகவும் போகிறது.

காஸ்டருக்குச் சக்கரத்தை உள்ளே 20 டிகிரி, வெளியே 20 டிகிரி திருப்பிக் கேம்பர் அளந்து, வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும். டயர் வழுக்கித் திரும்ப, அடியில் இரண்டு தரை ஓடுகளை நடுவில் கிரீஸ் தடவி வைப்பார்கள். அந்தக் கிரீஸ் பிறகு வீட்டு மாடிப்படியில் காணப்படும்.

டோவைக் கடைசியாக வைக்க வேண்டும், ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ கெடும். கெட்டது தெரியாமல் ஓட்டினால்? இரண்டு முன்சக்கரங்களுக்குமாக 3 மில்லிமீட்டர் பிசகினாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். கேம்பர் டயரைத் தின்கிறது என்று ஊரெல்லாம் பழி சொல்கிறார்கள். பெரும்பாலும் தின்பது டோதான். ஆனால் சாய்ந்த சக்கரம் படத்தில் தெரியும், 3 மில்லிமீட்டர் தெரியாது.

ரப்பரை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால், கிரீஸ் காய்ந்த அன்று கார் கீச்சிடத் தொடங்கும். அதைப் பந்தயச் சத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ரப்பரையே வைத்திருந்தால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். தொங்கும்போதுதான் கை சுலபமாக நுழைகிறது, என்ன செய்வது.

எல்லாம் முடிந்ததும் லேசர் கருவி உள்ள கடைக்குப் போய்ச் சரிபாருங்கள். எதிர்மறை கேம்பர் இரண்டரை டிகிரி வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். கடைப் பையன் தலையாட்டிவிட்டு, திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாகும்வரை கம்பெனி அளவுக்கே திருப்பி வைத்து, தாளையும் அச்சடித்துத் தருவான். கார் அன்றைக்கு நன்றாகவே ஓடும். அதை வெளியில் சொல்ல வேண்டாம்.

கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் எதையும் எறியாதீர்கள். விற்கிற நாளில் வாங்க வருகிறவர் காயில்ஓவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “ஒரிஜினல் பாகம் இருக்கா?” என்று கேட்பார். இருக்கிறது, தனி விலை என்று சொல்லுங்கள்.