மதகு திறந்தாச்சு, கேளுங்க!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் அணைக்கட்டுக் கேள்விகள். மதகைத் திறந்துவிட்டேன். நனைய விரும்புகிறவர்கள் கிட்டே வரலாம்.

கே: மாமா, விளக்கை ‘அணை’ என்றால் இருட்டு. ஆற்றில் ‘அணை’ என்றால் வெளிச்சம். தமிழ் ஏன் இப்படிக் குழப்புகிறது?
(பள்ளி மாணவன், ரந்தாவ்)

ப: குழப்பமே இல்லை தம்பி. பாய்வதை நிறுத்துவதுதான் அணைப்பது. தீயை அணைத்தால் இருட்டு, ஆற்றை அணைத்தால் விளக்கு, பிள்ளையை அணைத்தால் தூக்கம். நம் ‘அணைக்கட்டு’ ஆங்கிலேயனுக்கும் பிடித்துப்போய் ‘அனிகட்’ என்று வாங்கிக்கொண்டான். கல்லணைக்கு அவன் வைத்த பெயர் ‘கிராண்ட் அனிகட்’. கல்லும் நம்முடையது, சொல்லும் நம்முடையது.

கே: பாலைவனத்தில் மழையே கிடையாது. அங்கே போய் ஹூவர் அணையைக் கட்டினார்களே, தண்ணீர் எங்கிருந்து வரும்?
(செம்பனைத் தோட்டத் தொழிலாளி, பகாவ்)

ப: கொலராடோ ஆறு ராக்கி மலைப் பனியில் பிறந்து பாலைவனத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். புகுந்த வீடு காய்ந்து கிடக்கிறது, பிறந்த வீட்டுச் சீரில் குடும்பம் ஓடுகிறது. நைலும் அப்படித்தான்: எத்தியோப்பியாவில் மழை, எகிப்தில் அறுவடை.

கே: ஹூவர் பெரிதா, எங்கள் தாத்தா ஊர் மேட்டூர் பெரிதா?
(சேலத்துக்காரர் பேரன், சிரம்பான்)

ப: உயரத்தில் ஹூவர் 726 அடி, மேட்டூர் 214 அடி. நீளத்தில் மேட்டூர் 5,300 அடி, ஹூவர் 1,244 அடி. மேட்டூர் 1925-ல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. ஹூவரின் திறப்பு விழா 1935 செப்டம்பர் 30. அமெரிக்கன் நெட்டை, நம்மவன் நீட்டம். பந்தியில் முதலில் உட்கார்ந்தது நம்மவன்.

கே: ஹூவர் அணைக்குள் செத்தவர்களை அப்படியே வைத்துப் பூசிவிட்டார்கள் என்கிறார்களே?
(லாரி ஓட்டுநர், நீலாய்)

ப: கட்டுக்கதை. ஒரு வாளி கலவை கொட்டினால் மட்டம் சில அங்குலம்தான் ஏறும், ஆள் மூழ்க வழியில்லை. வேலையிடத்து விபத்துச் சாவு என்று அரசாங்கம் எழுதிய எண்ணிக்கை 96. சுரங்கவழிகளில் லாரிப் புகையைச் சுவாசித்துச் செத்தவர்களை ‘நிமோனியா’ என்று எழுதிவிட்டார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. நிமோனியாக் கணக்கில் 42 பேர். அவர்கள் அந்த 96-க்குள் வரவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நம் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு எழுதும் முறை நன்றாகத் தெரியும். அணைக்குள் யாரையும் புதைக்கவில்லை, பேரேட்டுக்குள் புதைத்தார்கள்.

கே: நம் ஆட்கள் யாராவது ஹூவர் அணை வேலைக்குப் போனார்களா?
(ஓய்வுபெற்ற கிராணி, லாபு)

ப: எப்படிப் போவது? ‘மங்கோலிய’ இனத்தவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. சீனரை மனதில் வைத்து எழுதிய வாசகம். 1934 ஜூலையில் 5,251 பேர் வேலை செய்தார்கள். கறுப்பினத்தவரோ சில பத்துப் பேரைத் தாண்டவில்லை. காட்டை அழிக்க நம்மைக் கப்பலில் கூப்பிட்டார்கள், அங்கே ஆசியனுக்குக் கதவைச் சாத்தினார்கள். கூலி குறைந்தால் அழைப்பு, கூலி கூடினால் தடுப்பு.

கே: ஹூவர் அணையின் கான்கிரீட் இறுக 125 வருஷம் ஆகும் என்றார்களாம். மந்திரம் போட்டா காய வைத்தார்கள்?
(தொழிற்கல்லூரி மாணவி, கோலப்பிலா)

ப: இறுகுவது சுலபம், ஆறுவதுதான் கஷ்டம். சிமெண்டு இறுகும்போது சூடு கக்கும். மொத்தமாக ஊற்றியிருந்தால் அந்தச் சூடு தணிய நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், அதற்குள் வெடிப்பும் விட்டிருக்கும். அதனால் கட்டி கட்டியாக வார்த்து, நடுவில் 582 மைல் நீளத்துக்கு ஓர் அங்குலக் குழாய்களைப் போட்டுக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். பெரிய கோபக்காரர்களுக்கும் இதுதான் வைத்தியம்: துண்டு துண்டாகப் பேசு, நடுவில் தண்ணீர் கொடு.

கே: தண்ணீர் விழுந்தால் அவ்வளவு கரண்டா வரும்?
(தேநீர்க் கடைக்காரர், போர்ட்டிக்சன்)

ப: உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு டன் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் சக்தி முழுவதையும் பிடித்தாலும் ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு கெண்டித் தேத்தண்ணிக்கு ஒரு டன் ஆறு! அடுத்த முறை எவனாவது கிளாஸில் பாதியை வைத்துவிட்டுப் போனால் முறைத்துப் பாருங்கள்.

கே: நம் மாநிலத்திலும் அணை இருக்கிறதே. நம் கரண்டு அதிலிருந்துதானே?
(இல்லத்தரசி, தம்பின்)

ப: இல்லை அம்மா. சுங்கை தெரிப், கெலிஞ்சி எல்லாம் குடிநீருக்கு. மின்சாரத்துக்குப் பெரிய ஆறும் உயரமும் சேர்ந்து வேண்டும். லிங்கி ஆறு ஓடும், குதிக்காது. போர்ட்டிக்சன் பக்கம் துவாங்கு ஜாஃபார் நிலையம் எரிவாயுவில் ஓடுகிறது, ஜிமாவில் நிலக்கரி எரிகிறது. நம் அணை தாகம் தீர்க்கும். விளக்குக்குக் கப்பலில் கரி வர வேண்டும்.

கே: நீர்மின்சாரம் முதலில் யார் வீட்டுக்கு வந்தது?
(தொழிற்சங்க உறுப்பினர், ஜெலுபு)

ப: வீட்டுக்கா? 1902-ல் காவிரியின் சிவசமுத்திர மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. உள்ளே இறங்கி வெட்டியதில் பெரும்பாலோர் தமிழர். 1930-ல் பேராக் ஆற்றின் செண்டரோ அணை கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு ஓடியது. 1936-ல் ஹூவரின் முதல் மின்சாரம் 266 மைல் தாண்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பறந்தது. தண்ணீர் பள்ளம் தேடும். மின்சாரம் மேடு தேடும்.

கே: அணை கட்டிய பிறகு ஆற்றுக்கு நஷ்டம் உண்டா?
(காய்கறித் தோட்டக்காரர், கெமாஸ்)

ப: எகிப்தைப் பாருங்கள். 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணை 2,100 மெகாவாட் தருகிறது, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குகிறது. ஆனால் நைல் வருஷா வருஷம் சும்மா கொண்டுவந்து கொட்டிய வண்டல் இப்போது ஏரியின் அடியில் தூங்குகிறது. அணை மின்சாரத்தில் அஸ்வானிலேயே உர ஆலை ஓடியது. ஆறு இனாமாகக் கொடுத்ததை மறித்துவிட்டு, அந்த ஆற்றை வைத்தே விலைக்குத் தயாரித்தார்கள்.

கே: கொலராடோ ஏரி வற்றுகிறதாமே?
(வங்கி ஊழியர், சிரம்பான்)

ப: 2022 ஜூலையில் ஹூவர் அணையின் மீட் ஏரி 1930-களில் நிரம்பிய பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. பாறையில் வெள்ளைக் கோடு, குளித்துவிட்டுப் போன தொட்டி மாதிரி. வறட்சி ஒரு காரணம். 1922-ல் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கு போட்டது இன்னொன்று. அப்போது கையில் இருந்தது நல்ல மழைக்காலத்துக் கணக்கு. போனஸ் மாதச் சம்பளத்தைக் காட்டிக் கார் கடன் வாங்கியவர்களைத் தினமும் பார்க்கிறீர்களே, அதே கதை.

கே: மூழ்கிய ஊர்கள் என்ன ஆயின?
(பால்மரத் தொழிலாளி, லிங்கி)

ப: மேட்டூரில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும், தேவாலயக் கோபுரமும் தெரியும். அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை அறுத்துத் துண்டு துண்டாக மேலே ஏற்றினார்கள். நூபியர் ஏறத்தாழ லட்சம் பேர் மூட்டை கட்டினார்கள். சரவாக்கின் பக்குன் அணைக்காகச் சுமார் பத்தாயிரம் பேர் சுங்கை ஆசாப்புக்குப் போனார்கள். அவர்களுடையது மரத்தாலான நீண்ட வீடு. நாளைக்குத் தண்ணீர் இறங்கினாலும் தலை காட்ட நந்தி கிடையாது.

கே: அணைகளுக்கு ஏன் ஆளுநர், அதிபர் பெயராகவே வைக்கிறார்கள்?
(தமிழாசிரியை, ரந்தாவ்)

ப: மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லி பெயர். அஸ்வான் ஏரிக்கு நாசர் பெயர். ஹூவர் அணை 1930-ல் ஹூவர், 1933-ல் போல்டர், 1947-ல் மறுபடி ஹூவர். ஒரே பிள்ளைக்கு மூன்று முறை பெயர் சூட்டினார்கள். ஒரு முறையாவது கலவை சுமந்தவனைத் தொட்டிலருகே கூப்பிடவில்லை.

கே: உங்கள் சின்ன வயதில் தோட்டத்தில் கரண்டு எப்படி மாமா?
(பாட்டியோடு வசிக்கும் பேத்தி, போர்ட்டிக்சன்)

ப: துரை பங்களாவில் விடிய விடிய விளக்கு. லயத்தில் சாயங்காலம் இஞ்சின் வீடு உறுமத் தொடங்கினால் வெளிச்சம், இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நிறுத்துமுன் பல்பு ஒரு தடவை மங்கி மறுபடி எரியும். அதுதான் எச்சரிக்கை. அந்த ஒரு நிமிஷத்துக்குள் அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் திரியை நிமிர்த்தி ஏற்றிவிடுவாள். விடியுமுன் பால் வெட்டப் போகும்போதும் கையில் அதே விளக்கு.

அதனால் எந்த அணையைப் பார்த்தாலும் நான் கல்வெட்டில் பெயரைத் தேடுவதில்லை, தேதியைத்தான் கேட்கிறேன். ரிப்பன் வெட்டிய நாள் எனக்கு வேண்டாம். கடைசி லயத்துக் கடைசி வீட்டில், இரவு 10 மணிக்குப் பிறகும் பல்பு எரிந்த முதல் நாள் எதுவோ, அதுதான் திறப்பு விழா.